இடது இன்ஜினுக்கு ஒரு கையெழுத்து

விமானத்தைப் பழுதுபார்க்கிறவர்களில் விமானத்தில் ஏறப் பயப்படுகிற ஆள் ஒருவனாவது இருக்கத்தானே செய்வான்? அந்த ஒருவன்தான் ஸ்பானர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது, ஆனால் அது சம்பளப் பட்டியலில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. பத்தொன்பது வருஷமாக இன்ஜின்களுக்குள் கையை விட்டுத் துழாவுகிறவன். இன்ஜின் இருமினால் எந்த சிலிண்டர் இருமுகிறது என்று தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவான். ஆனால் அதே இன்ஜின் அவனையும் தூக்கிக்கொண்டு தரையை விட்டு ஓரடி எழும்பிவிட்டால் போதும், ஐயா சீட்டைக் கட்டிப் பிடித்துக்கொள்வார்.

"நீங்க சரி பண்ணின வண்டிதானே, அப்புறம் என்ன பயம்?" என்று மனைவி கேட்பாள்.

"நான் சரி பண்ணினதாலதான் பயம்" என்பான்.

அந்த மனைவிதான் அந்த விமானத்தை ஓட்டுகிறவள். வீட்டில் அவளை அவன் "ஏம்மா" என்று கூப்பிடுவான். விமானக் கொட்டகைக்குள் காலை வைத்துவிட்டால் "கேப்டன்" என்றுதான் கூப்பிட வேண்டும், "நீங்க" என்றுதான் பேச வேண்டும். இது அவள் போட்ட சட்டம். கொட்டகை வாசலில் செருப்பைத் தட்டிவிட்டு நுழைகிற மாதிரி, அவனும் "நீ"யைத் தட்டிவிட்டு "நீங்க"வோடு நுழைவான். மற்றவர்களுக்கு இது பெரிய வேடிக்கை. அவனுக்கும் வேடிக்கைதான், சண்டை இல்லாத நாட்களில்.

அவர்கள் வேலை பார்த்தது ஒரு சின்ன சரக்குக் கம்பெனி. தபால் மூட்டை, மருந்துப் பெட்டி, அவசர உதிரிபாகம் இவற்றையெல்லாம் ஏற்றிக்கொண்டு போகிற, இரண்டு இன்ஜின் கொண்ட சின்ன விமானம் ஒன்று. இறக்கைக்கு ஒரு இன்ஜின். முதலாளி அதற்கு முன்பு லாரி வைத்திருந்தவர். லாரிப் புத்தி இன்னும் போகவில்லை. விமானத்தை "வண்டி" என்றுதான் சொல்வார், கொட்டகையை "ஷெட்" என்றுதான் சொல்வார். கொட்டகைக் கதவில் பெரிய எழுத்தில் ஒரு விதியை எழுதி வைத்திருந்தார். 'பழுது பார்த்துக் கையெழுத்துப் போட்டவர் முதல் பறப்பில் கூடப் போக வேண்டும்.'

"லாரி ஓட்டின காலத்துல, பிரேக் சரி பண்ணினவன மொத ட்ரிப்புல டிரைவர் பக்கத்துல ஒக்கார வச்சு மலை இறக்குவேன். அதுக்கப்புறம் ஒருத்தன்கூட பிரேக்கை அரைகுறையா விட்டதில்ல" என்பார் முதலாளி.

ஆக, மாதம் ஒரு தடவையாவது ஸ்பானர் பறந்தாக வேண்டும். ஓட்டுகிறவள் மனைவி. எவ்வளவு பயந்தான், எங்கே கண்ணை மூடினான், எந்தத் திருப்பத்தில் முனகினான் என்பதெல்லாம் அன்று மத்தியானமே கொட்டகை முழுக்கத் தெரிந்துவிடும். பாவம், எங்கே போய் முட்டிக்கொள்வான்?

இந்த மாதம் வந்தது வேறு தினுசான வில்லங்கம். இடது இன்ஜின் இரண்டு தடவை மேலே போய் நின்றுவிட்டது. இரண்டு தடவையும் மூட்டை ஏற்றியிருந்தது. இரண்டு தடவையும் கேப்டன் நிறைய உயரத்தில் இருந்ததால் நிதானமாகத் திரும்பி வந்து இறக்கிவிட்டாள். தரைக்கு வந்ததும் இன்ஜின் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஓடும். சூடானால் மட்டும் படுத்துக்கொள்ளும். ஸ்பானர் இரண்டு தடவையும் ஏதோ ஒன்றை மாற்றி, கையெழுத்துப் போட்டு, "சரியாயிடுச்சு" என்று சொல்லியிருந்தான்.

முதலாளி அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இங்க பாருப்பா. மூணாவது தடவையும் நின்னுச்சுன்னா, கையெழுத்துப் போடற வேலையை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன். நீ இங்கயே இரு, துடைக்கிறது, பூட்டறது பாரு. ஆனா உன் கையெழுத்துல வண்டி மேல போகாது."

ஸ்பானருக்கு முகம் செத்துப் போயிற்று. சம்பளம் குறைந்தால்கூடப் பொறுத்துக்கொள்வான். ஒரு இன்ஜினைத் திறந்து, மூடி, 'இது பறக்கலாம்' என்று தன் பெயரை எழுதுகிற அந்த ஒரு கணம்தான் அவனுடைய சொத்து. அதைப் பிடுங்கிவிட்டால் அவன் கொட்டகையில் ஒரு துணி, ஒரு பக்கெட், அவ்வளவுதான்.

புதன்கிழமை காலையில் தனியாக உட்கார்ந்து யோசித்தான். பெட்ரோலை அளந்து இன்ஜினுக்கு ஊட்டுகிற கருவி ஒன்று உண்டு, சாப்பாட்டு டப்பா அளவுக்கு இருக்கும், சர்வோ என்பார்கள். அதன் மேல்தான் அவனுக்குச் சந்தேகம். புது சர்வோவுக்குச் சொல்லி அனுப்பியாகிவிட்டது, வர இரண்டு நாள் ஆகும். அதுவரை சும்மா இருக்கக் கை விடுமா? இடது இன்ஜின் சர்வோவைக் கழற்றி வலதில் மாட்டினான். வலதில் இருந்ததை இடதில் மாட்டினான். கோளாறு இடம் மாறினால் குற்றவாளி சர்வோதான் என்று தெரிந்துவிடும். எல்லா மெக்கானிக்கும் செய்கிற வேலைதான் இது. எல்லா மெக்கானிக்கும் உடனே அதைப் புத்தகத்தில் எழுதுவார்கள். இவன் எழுதவில்லை. 'ஓட்டிப் பார்த்துட்டு மறுபடி மாத்தத்தானே போறோம், இதுக்கு ஒரு எழுத்தா?' என்று நினைத்தான்.

தரையில் ஓட்டிப் பார்த்தான். இரண்டும் தங்கமாக ஓடின. சரியாக அந்த நேரம் பார்த்துக் கேப்டன் கொட்டகைக்குள் வந்தாள். பத்துப் பேர் சுற்றி நிற்கிறார்கள்.

"என்ன, இப்ப நல்லா ஓடுதா? இந்த இடது இன்ஜின் அப்படியே உங்களை மாதிரிதான். தரையில நல்லா வாய் பேசும், மேல போனா மயக்கம் போட்டுடும்" என்றாள்.

கொட்டகையே சிரித்தது. முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். ஸ்பானரும் சிரித்து வைத்தான், ஆனால் காது சிவந்துவிட்டது. மற்ற நாளாக இருந்தால் அவனும் ஒன்று சொல்லியிருப்பான். அன்று கையெழுத்து போகப்போகிற பயத்தில் இருந்தவனுக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. கையிலிருந்த ஸ்பானரைப் பெட்டியில் எறிந்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் வீட்டுக்குப் போய்விட்டான். இரண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. சாப்பாட்டு மேஜையில் "உப்பை எடு" என்பதைக்கூட மகள் மூலமாகத்தான் சொல்லிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை புது சர்வோ வந்தது. ஸ்பானர் நேராக இடது இன்ஜினைத் திறந்தான். அதில் இருந்ததைக் கழற்றினான். அதற்குச் சிவப்புச் சீட்டு கட்டி, 'கெட்டது' என்று எழுதி அலமாரியில் வைத்தான். புதியதை மாட்டினான், கையெழுத்தைப் போட்டான். ஒரு வாரமாக 'இடது, இடது' என்றே ஊரெல்லாம் பேச்சாக இருக்கும்போது யாருக்குத்தான் புதன்கிழமைக் காலை ஞாபகம் வரும்?

வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது சமாதானம் ஆகிவிட்டது. புது சர்வோ வந்த சந்தோஷத்தில் அவனே ஆரம்பித்தான்.

"நாளைக்குக் காலியாத்தானே போறோம். மூட்டை இல்ல, முடிச்சு இல்ல, அரை டாங்க் பெட்ரோல். நீயும் நானும்தான். ஒரு இன்ஜின் நின்னாக்கூட இன்னொண்ணு தூக்கிட்டுப் போயிடும்."

"தூக்கிட்டுப் போகும். நான் அதை நேரா பிடிச்சு வச்சிருந்தா" என்றாள் அவள். "காலி வண்டின்னா சுலபம்னு எல்லாரும் நெனக்கறீங்க. மூட்டை ஏத்தின தள்ளுவண்டியை ஒரு ஓரமா இடிச்சுப் பாருங்க, யோசிச்சு யோசிச்சுத் திரும்பும். காலி வண்டியை இடிச்சா சட்டுனு சுத்திக்கும். ஒரு பக்க இன்ஜின் நின்னுச்சுன்னா அதே கதைதான். இன்னொரு பக்கம் இழுக்கற இழுப்புல மூக்கு சர்ருனு திரும்பிடும். யோசிக்க நேரமே கெடைக்காது."

"சரி சரி."

"என்ன சரி? நீங்க வேற பின்னாடி கதவோரமாப் போய் ஒக்காந்துக்கறீங்க, அந்த டூல் பெட்டியையும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு. வால் பக்கம் கனம் சேர்ந்தா, மூக்கைத் திருப்பற சுக்கானுக்குப் பிடிமானம் கொறையும். நாளைக்கு முன்னாடி வந்து என் பக்கத்துல ஒக்காருங்க."

"பின்னாடிதான் கதவு இருக்கு."

"மேல போனப்புறம் கதவைத் திறந்து எங்க போகப்போறீங்க?"

ஆனாலும் மறுநாள் காலை, விமானத்தில் ஏறியதும் பழக்கதோஷத்தில் கடைசி சீட்டுக்கே போனான். பெட்டியைப் பக்கத்தில் வைத்துப் பெல்ட்டால் கட்டினான். தன்னையும் கட்டிக்கொண்டான். முன்னால் இருந்து கேப்டன் திரும்பிப் பார்த்தாள். கணக்குப் போட்டுப் பார்த்தாள். வால் பக்கத்துக் கனம் வரம்புக்குள்தான் இருந்தது, விளிம்பில். நேற்றுத்தான் சமாதானமாகியிருக்கிறது, இன்றைக்கு மறுபடி எதற்கு என்று நினைத்திருக்க வேண்டும். முன்னால் திரும்பி இன்ஜின்களைக் கிளப்பினாள்.

ஸ்பானர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். "கேப்டன், இன்னும் பத்து நிமிஷம் தரையிலயே ஓட்டிப் பார்க்கலாமா? நல்லா சூடாகட்டும்."

"பத்து நிமிஷம் கழிச்சு மட்டும் பயம் போயிடுமா?"

"போகாது. ஆனா பத்து நிமிஷம் லேட்டாகும் இல்ல."

அவள் சிரித்துவிட்டு ஓட்டினாள். இரண்டு இன்ஜினும் நன்றாகச் சூடேறின. அவன் கேட்டு வாங்கிய சூடு அது.

காலி விமானம் ஓடுபாதையில் நாலு எட்டு ஓடியதுமே எழும்பிவிட்டது. மூட்டை இருந்தால் முனகிக்கொண்டு ஏறுகிற ஜாதி, இன்று மூக்கை வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு ஏறியது. சக்கரங்கள் உள்ளே போன சத்தம் கேட்டது. ஸ்பானர் கண்ணை இறுக மூடிக்கொண்டு இடது இன்ஜினை மட்டும் கேட்டான். ஒரு குறை இல்லை. புது சர்வோ, புதுப் பெண்ணைப் போலப் பதவிசாக வேலை செய்தது. 'கையெழுத்து தப்பிச்சுது' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

அடுத்த மூச்சு விடுவதற்குள் பாதிச் சத்தம் செத்துவிட்டது.

மூக்கு சர்ரென்று வலது பக்கம் திரும்பியது. அவள் சொன்ன தள்ளுவண்டியேதான். அவன் தோள் சுவரில் போய் இடித்தது, டூல் பெட்டி பெல்ட்டுக்குள் குலுங்கியது. ஏறிக்கொண்டிருந்த விமானம் ஒரு நொடி தயங்கியது. கேப்டன் மூக்கைக் கீழே தாழ்த்தினாள். இடது காலைச் சுக்கான் மிதிக்கட்டையில் முழுசாக ஊன்றினாள். மூக்கு மனசில்லாமல் நின்றது.

நின்றது எந்த இன்ஜின்? ஓட்டுகிறவர்களுக்கு இதற்கு ஒரு பாடம் உண்டு. எந்தக் கால் வேலையில்லாமல் சும்மா கிடக்கிறதோ அந்தப் பக்கத்து இன்ஜின்தான் நின்றது. கண்டுபிடித்த பிறகு, அந்த இன்ஜினின் லீவரை மெதுவாக இழுத்துச் சரிபார்த்து, அதன் விசிறி காற்றைத் தடுக்காதபடி இலைகளை ஒருக்களித்து வைக்க வேண்டும். இதில் பக்கத்தை மாற்றிவிட்டால் அவ்வளவுதான், இருக்கிற ஒன்றையும் நம் கையாலேயே அணைத்ததாகிவிடும்.

ஸ்பானர் கண்ணைத் திறந்தான். இடது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அதன் சத்தம் மெல்ல இறங்க ஆரம்பித்தது. விமானமும் இறங்கியது. கீழே கூரைகள் பெரிசாகத் தெரிந்தன. அவள் கை நல்ல இன்ஜினின் லீவரை இழுக்கிறது என்று அவனுக்குப் புரிந்தது. கூடவே, கூப்பிடாமலே, புதன்கிழமைக் காலையும் வந்து நின்றது. இதை எடுத்து அதில் மாட்டியது. அதை எடுத்து இதில் மாட்டியது. சிவப்புச் சீட்டு கட்டி அலமாரியில் உட்கார்ந்திருக்கிறதே, அது நல்ல சர்வோ. கெட்டது வலதில் இருக்கிறது.

"வலது" என்று கத்தினான். "வலதும்மா! இடதை விடு, அது நல்லாருக்கு! வலதுதான் போச்சு!"

இடது இன்ஜினின் சத்தம் மறுபடி நிமிர்ந்தது. அவன் சன்னல் வழியாகப் பார்த்தான். வலது பக்கத்து விசிறி மெல்லச் சுற்றி, ஒருக்களித்து, அசையாமல் நின்றது. விமானம் இறங்குவது நின்றது. பிறகு, நம்ப முடியாத மெதுவில், கூரைகள் மறுபடி சின்னதாக ஆரம்பித்தன. காலி வண்டி, ஒற்றை இன்ஜினில் ஏறிக்கொண்டிருந்தது. பிடிக்கிறவள் நேராகப் பிடித்திருந்தாள்.

கொஞ்சம் உயரம் வந்தபிறகு ஹெட்போனில் அவள் குரல் வந்தது. கறிகாய்க்காரனிடம் பேசுகிற குரல் மாதிரி சாதாரணமாக இருந்தது.

"வால் ரொம்ப கனமா இருக்கு. இறக்கறப்போ எனக்குக் கஷ்டம். முன்னாடி வாங்க."

"இப்பவா?"

"இல்ல, தீபாவளிக்கு. இப்பத்தான். பெட்டியோட வாங்க."

பறக்கிற விமானத்தில் பெல்ட்டைக் கழற்றுவதா? பத்தொன்பது வருஷத்தில் அவன் செய்யாத காரியம். ஆனால் கழற்றினான். உட்கார்ந்தபடியே, நாற்பது கிலோ பெட்டியை முன்னால் தள்ளித் தள்ளி, தானும் பின்னாலேயே நகர்ந்து வந்தான். தவழுகிற குழந்தை பொம்மையைத் தள்ளிக்கொண்டு வருகிற மாதிரிதான் இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்பதுதான் ஆறுதல். பெட்டியை அவள் சீட்டுக்குப் பின்னால் வைத்துக் கட்டிவிட்டு, பக்கத்துச் சீட்டில் ஏறி, பெல்ட்டை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டான்.

"கண்ணைத் திறங்க. மூடினா எடை கொறையாது."

திறந்தான். அவள் இடது கால் மிதிக்கட்டையில் ஊன்றியபடி நடுங்கிக்கொண்டிருந்தது. குரலில் இல்லாத நடுக்கம் முழுக்க அந்தக் காலில் இருந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்குத் தன் பயமே மறந்துபோயிற்று.

"எப்படி அவ்வளவு சீக்கிரம் வலதுன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள், பார்வையை முன்னால் வைத்தபடியே.

"சத்தம்" என்றான்.

பொய் என்று சொல்ல முடியாது. முழு உண்மையும் இல்லை.

நல்ல இன்ஜின் இருக்கிற இடது பக்கமாகவே அகலமாக வட்டம் போட்டு வந்தாள். காலி விமானம் இறங்குவதற்கும் அடம் பிடித்தது. ஓடுபாதைக்கு மேலே மிதந்துகொண்டே போனது. "ஒக்காரு, ஒக்காரு, வந்த எடத்துல ஒக்காரு" என்று அதனிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். பாதி ஓடுபாதை தாண்டிய பிறகுதான் ஒரு தடவை துள்ளி உட்கார்ந்தது.

கொட்டகையில் கூட்டம் கூடிவிட்டது. எல்லோருக்கும் ஒரே கேள்வி, இடதுதானே? கேப்டன் இறங்கி நின்று, "இல்ல. இடது குதிரை மாதிரி ஓடுது. நின்னது வலது" என்றாள். முதலாளி ஸ்பானரின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "அப்ப நீ தப்பிச்சேப்பா. வலதை நீ தொடவே இல்லையே. அது நம்ம கெட்ட நேரம்."

"தொடவே இல்லையே" என்ற வார்த்தையைக் கேட்டதும் ஸ்பானர் வலது இன்ஜினைத் திரும்பிப் பார்த்தான்.

"பின் சீட்டுலேர்ந்து ஒரே கத்தல்" என்று கேப்டன் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். "மொதல்ல சாமி கும்பிடறாருன்னு நெனச்சேன். பார்த்தா வலதுங்கறாரு. கொட்டகைச் சட்டத்தையும் மறந்துட்டு 'விடு'ன்னு ஒருமையில வேற. கேப்டனைப் பார்த்து." சிரிப்பு. "ஆனா காதுன்னா அது காது. சத்தத்தை வச்சே சொல்லிட்டாரு."

எல்லோரும் அவன் காதைப் பாராட்டினார்கள். ஒருவன் காதைத் தொட்டே பார்த்தான். ஸ்பானர் அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டு, டீ குடிக்கப் போகிறவன் போல அலமாரிப் பக்கம் நகர்ந்தான்.

சிவப்புச் சீட்டோடு சர்வோ அங்கேயே இருந்தது. யாருக்கும் ஒன்றும் தெரியாது. வலதில் இருக்கிற கெட்டதை அவனேதான் கழற்றப் போகிறான். இந்தச் சீட்டை அவிழ்த்து அதில் கட்டிவிட்டால் கதை முடிந்தது. கையெழுத்து அவனுடையதாகவே இருக்கும். காதுக்கும் பெயர் கிடைத்தாகிவிட்டது. சீட்டின் முடிச்சில் விரலை வைத்தான். அப்போது மிதிக்கட்டையில் நடுங்கிய அந்தக் கால் கண் முன்னால் வந்தது. கெட்ட நேரமாம். அந்தக் கெட்ட நேரத்தை இவன் கையாலேயே கழற்றி, இவன் கையாலேயே மாட்டி, அதற்கு முன்னால் பெண்டாட்டியை உட்கார வைத்து அனுப்பியிருக்கிறான். அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. முடிச்சை அவிழ்க்காமல் சர்வோவைத் தூக்கிக்கொண்டு முதலாளியின் அறைக்கு நடந்தான்.

உள்ளே கேப்டன் இருந்தாள். முதலாளியின் கையில் ஒரு தாள். நடந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். அவள் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தாள். முதலாளி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார்.

"'என் வலது கால் சும்மா இருந்தது. ஆகவே நின்றது வலது இன்ஜின் என்று கால் சொல்லியது. ஆனால் ஒரு வாரமாக இடது இன்ஜினைக் கேலி செய்துகொண்டிருந்ததால் என் கை இடது லீவருக்குப் போனது. பாதி இழுத்தும் விட்டேன். பின்னாலிருந்து மெக்கானிக் கத்தியிராவிட்டால் முழுக்க இழுத்திருப்பேன். மேலும், மெக்கானிக்கைப் பின்னால் உட்கார விட்டது என் தவறு. மனைவியாக விட்டுக்கொடுத்தேன். கேப்டனாக விட்டுக்கொடுத்திருக்கக் கூடாது.'"

ஸ்பானர் வாசலிலேயே நின்றுவிட்டான். வெளியே பத்துப் பேரைச் சிரிக்கவைத்துவிட்டு இங்கே வந்து இதை எழுதியிருக்கிறாளே. அவள் அவனைப் பார்க்கவில்லை, மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் உள்ளே போய் சர்வோவை மேஜைமேல் வைத்தான்.

"இது நல்ல சர்வோ" என்றான். "புதன்கிழமை ரெண்டையும் மாத்திப் போட்டுப் பார்த்தேன். புத்தகத்துல எழுதல. திரும்ப மாத்தல. நேத்து இதைக் கெட்டதுன்னு கட்டிட்டேன். கெட்டது வலதுல இருக்கு. நான்தான் மாட்டினேன்."

கேப்டன் நிமிர்ந்தாள்.

"சத்தம்னு சொன்னீங்க."

"சத்தமும்தான்."

அவள் முகத்தில் கோபம் ஏறியது. ஏறி, பாதி வழியில் நின்று, மேஜையிலிருந்த தன் தாளைப் பார்த்தது. அதற்குமேல் ஏற முடியவில்லை. "நான் கொட்டகையில வந்து கேலி பண்ணினப்பவா மறந்தீங்க?" என்று கேட்டாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "மத்தவன் ஷெட்டுல எல்லாம் தப்பை மறைக்கப் போட்டி போடுவானுங்க. நீங்க ரெண்டு பேரும் சொல்றதுல போட்டி போடறீங்க. குடும்பமா இது?" என்றார். பிறகு நிதானமாகத் தீர்ப்புச் சொன்னார். கேப்டன் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய், இன்ஜின் நின்றால் செய்ய வேண்டியதை மறுபடி முதலிலிருந்து செய்து காட்டிவிட்டு வர வேண்டும். ஸ்பானருக்கு மூன்று மாதம் கையெழுத்து இல்லை. பக்கத்துக் கொட்டகை மெக்கானிக் வந்து போடுவார்.

ஸ்பானர் தலையைக் குனிந்துகொண்டான். வலித்தது. ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு வலிக்கவில்லை. மனசுக்குள் ஒரு மூலையில், சின்னதாக ஒரு சந்தோஷம்கூட எட்டிப் பார்த்தது. கையெழுத்து இல்லை என்றால் பறக்கவும் வேண்டாமே.

முதலாளிக்கு அவன் முகம் புரிந்துவிட்டது. "அந்த நெனப்பே வேண்டாம்" என்றார். "கையெழுத்து அவருது. பறக்கறது நீ. மூணு மாசமும் எல்லா மொதல் பறப்புக்கும்."

கேப்டன் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனாலும் சிரிப்பு விரலிடுக்கில் வந்துவிட்டது.

பத்து நாள் கழித்து, இரண்டு இன்ஜினும் சரியாகி, விமானம் மறுபடி காலியாக ஓடுபாதைக்கு முன்னால் நின்றது. ஸ்பானர் பெட்டியோடு ஏறினான். கடைசி சீட்டை ஒரு கணம் ஆசையாகப் பார்த்தான். பிறகு குனிந்து குனிந்து முன்னால் வந்து, பெட்டியைக் கட்டிவைத்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினான்.

"என்ன, வழி மாறிட்டீங்களா? கதவு பின்னாடிதானே இருக்கு" என்றாள் அவள்.

"கதவு பின்னாடிதான் இருக்கு. நீ முன்னாடி இருக்கியே."

அவள் லீவர்களின் மேல் வைத்த கையை எடுக்காமலே, "இங்க கேப்டன்" என்றாள்.

"நீங்க முன்னாடி இருக்கீங்களே, கேப்டன்" என்று திருத்திச் சொல்லிவிட்டு, அவன் கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டான்.